ஒரு நாளைக்கு ஒரு பொருள்: லண்டன் மியூசியங்களில் ஒரு கோடைக்காலம்

2025 ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். ஆகஸ்ட் கடைசி வரை இருந்தேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை, பேத்திக்குப் பள்ளிக்கூடம். காலை எட்டரை மணிக்கெல்லாம் வீடு காலியாகிவிடும். அவர்கள் இருப்பது ஈஸ்ட் ஹாமில். தெருவில் இறங்கினால் தமிழ்க்குரல் கேட்கும், கறிவேப்பிலை கிடைக்கும், முருகன் கோயில் இருக்கிறது. ஒரு வாரம் அப்படியே ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான், இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டிலேயே இருக்கிறோமே என்ற எண்ணம் வந்தது.

"அம்மா, இங்கே பெரிய மியூசியங்கள் எல்லாம் இலவசம். நீங்கள் தனியாகவே போய் வரலாம்" என்று மகள் சொன்னாள். முதல் தடவை மட்டும் எல்லோரும் சேர்ந்து போவோம் என்று ஒரு சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனோம். அந்த நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லைச் சுற்றி நான்கு வரிசை ஆட்கள். மற்றவர்களின் தோள் இடுக்கு வழியாகக் கறுப்பாக ஒரு மூலை தெரிந்தது. பிறகு அசீரியச் சிங்கங்கள், கிரேக்கச் சிற்பங்கள், மேல்தளத்தில் எகிப்தியச் சடலங்கள், கடிகாரங்கள், நாணயங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு என் முழங்கால் மறுத்துவிட்டது. பேத்தி அழத் தொடங்கினாள். மாப்பிள்ளை வரைபடத்தை விரித்து, "அத்தை, இன்னும் பாதிகூட முடியவில்லை" என்றார். அந்த மியூசியத்தின் வசம் ஏறத்தாழ 80 இலட்சம் பொருட்கள் இருக்கின்றன. பார்வைக்கு வைத்திருப்பவை அதில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 80,000 அளவில். ஒரு நாளில் அதில் பாதியை முடிக்க நினைத்த குடும்பம் நாங்கள்.

இரவு படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஒரு பொருளைக்கூட என்னால் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. நான் முப்பது ஆண்டுகள் சென்னையில் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவள். நூலகத்துக்கு வரும் எவரும் அலமாரி முழுவதையும் ஒரே நாளில் படித்து முடிக்க நினைப்பதில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் போவார், முடித்ததும் மறுபடி வருவார். சந்தா ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால்தான் அப்படி வர முடிகிறது. டிக்கெட்டுக்கு இருபது முப்பது பவுண்டு கொடுத்து உள்ளே போகிற இடத்தில், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மனம் விரட்டும். இங்கே காசு வாங்கவே இல்லை. அப்படியிருந்தும் காசு கொடுத்தவர்களைப் போல ஓடியிருக்கிறோம். இனி ஒரு நாளைக்கு ஒரு பொருள், அதிகம் போனால் ஒரே ஒரு அறை என்று அன்றிரவு முடிவு செய்தேன். அந்தக் கோடை முழுவதும் இந்த முடிவிலிருந்து நான் விலகவில்லை.

திங்கட்கிழமை தனியாகக் கிளம்பினேன். எதைப் பார்ப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அமராவதி.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை என் பாட்டி 'செத்த காலேஜ்' என்பார். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. பழைய சென்னைக்காரர்கள் அத்தனை பேர் வாயிலும் அந்தப் பெயர்தான். அங்கே சிறு வயதில் நான் முதலில் பார்த்துப் பிரமித்தவை அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்தத் தூபியின் பலகைகள் அவை. அந்தத் தூபியின் இன்னொரு பெரிய பங்கு லண்டனில் இருக்கிறது என்று படித்திருந்தேன். வால்டர் எலியட் என்ற மதராஸ் அதிகாரி 1845இல் அங்கே தோண்டி எடுத்த கற்கள் முதலில் சென்னைக்கு வந்தன. பிறகு 1859இல் கப்பலேறி லண்டன் போயின. 'மார்பிள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாலும் அது சலவைக்கல் இல்லை, வெளிறிய சுண்ணாம்புக்கல். பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்படி 120 சிற்பங்கள் அளவில் இருக்கின்றன. அறை எண் 33ஏ.

அங்கே ஒரு பலகையின் இரண்டு பக்கமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் காலத்தால் முந்தியது. போதி மரம், அதன் கீழே காலியான ஓர் ஆசனம், பாதங்கள். சுற்றிலும் வணங்குகிறவர்கள். புத்தர் இல்லை. அவரை மனித உருவில் செதுக்காத காலம் அது. சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் வேறொரு சிற்பி தூபியையே செதுக்கியிருக்கிறார். வாசல் தூண்களில் சிங்கங்கள், நடுவில் மனித உருவில் புத்தர் நிற்கிறார். ஒரே கல்லில் ஒரு மதத்தின் மனம் மாறியது தெரிகிறது. நான் ஒரு பக்கம் பத்து நிமிடம் நின்றேன், சுற்றிப் போய் மறுபக்கம் பத்து நிமிடம் நின்றேன், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். கூட்டமே இல்லை. ரொசெட்டா கல்லைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இந்தப் பக்கம் வரவில்லை.

நம் ஊர்க் கல்லைப் பார்க்கக் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் தொண்டையை அடைத்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவை இருக்க வேண்டிய இடம் எது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கிருஷ்ணா கரைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் இப்போது அவை இருக்கும் இடத்தில் யாரும் வந்து நின்று பார்க்கலாம், ஒரு பென்னிகூடத் தர வேண்டாம் என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது. நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். முழங்கால் வலிக்கவில்லை.

இந்த இலவசம் எப்போதும் இருந்ததா என்று பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் மியூசியம் 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி, 1759இல் பொதுமக்களுக்குத் திறந்த நாள் முதல் இலவசம்தான். ஆனால் ஆரம்ப காலத்தில் எழுதி விண்ணப்பித்து, அனுமதிச் சீட்டு வந்த பிறகே உள்ளே போக முடியும். 1974இல் சில மாதங்கள் மட்டும் அங்கே கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். மற்ற பெரிய மியூசியங்கள் பல 1980களிலும் 90களிலும் டிக்கெட் போட்டன. பிறகு முதலில் குழந்தைகளுக்கு, அடுத்து 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, கடைசியாக 2001 டிசம்பர் 1 முதல் எல்லோருக்கும் இங்கிலாந்தின் தேசிய மியூசியங்கள் இலவசமாயின. இதற்குக் குறுக்கே நின்றது மதிப்புக் கூட்டு வரி. கட்டணம் வாங்காத மியூசியம், தான் செலுத்திய வரியைத் திரும்பப் பெற முடியாது என்று விதி இருந்ததால், இலவசமாக்கினால் நஷ்டம். அந்த விதியை மாற்றிய பிறகே கதவுகள் திறந்தன. ஒரு வரி விதி இத்தனை இலட்சம் பேரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம் போன்ற இடங்களில் நேரம் குறித்த இலவச டிக்கெட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டு போவது நல்லது, விடுமுறை நாட்களில் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் மியூசியத்துக்கும் அப்படியே. டிக்கெட் எடுக்கும்போது நடுவில் ஒரு பக்கம் நன்கொடை கேட்கும். ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று கட்டங்கள் இருக்கும். அதைக் கட்டணம் என்று நினைத்துவிட வேண்டாம். கொடுக்காமலும் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். வாசலில் இருக்கும் கண்ணாடி உண்டியல்களும் அப்படித்தான், கொடுப்பது உங்கள் விருப்பம், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

டிக்கெட்டை அந்தந்த மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். பைகளைச் சோதிக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தமிழ்க் குடும்பம், நான்கு பேருக்குச் சேர்த்து ஐம்பது பவுண்டுக்கு மேல் ஏதோ ஒரு தளத்தில் கட்டி 'டிக்கெட்' வாங்கியிருந்தது. கைப்பேசியில் காட்டினார்கள். நுழைவு இலவசம் என்று நான் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றைத் தாண்டிக் கீழே போக வேண்டும்.

பைகளைப் பற்றி இன்னொன்று. சக்கரம் வைத்த பெட்டியோடு போனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளே விடமாட்டார்கள். விமானத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிறிய தோள்பை இருந்தால் வரிசையும் வேகமாக நகரும். முன்வாசலில் கூட்டமாக இருந்தால் பின்பக்கம் மான்டேகு பிளேஸ் தெருவில் ஒரு வாசல் இருக்கிறது. எனக்கு அதுவே வசதி, அமராவதி அறை அதற்குத்தான் பக்கம்.

உள்ளே போவதற்குக் காசில்லை, போய்ச் சேருவதற்குத்தான் காசு. லண்டனில் 60 வயதானவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு, ஆனால் அது அங்கேயே குடியிருப்பவர்களுக்கு. என்னைப் போல வந்து போகிறவர்களுக்குக் கிடையாது. நான் இருந்தபோது பஸ் கட்டணம் 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் அட்டையைத் தட்டிய நேரத்திலிருந்து ஒரு மணிக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான். சுரங்க ரயிலுக்கு வாரநாட்களில் காலை 9:30க்குப் பிறகு கட்டணம் குறையும், மாலை 4 மணிக்கு மறுபடி ஏறி 7 மணிக்கு இறங்கும். அதனால் பத்து மணிக்குக் கிளம்பி மூன்றரைக்குள் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. 11 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள் பெரியவரோடு போனால் பஸ், சுரங்க ரயில் இரண்டும் இலவசம். ஈஸ்ட் ஹாமிலிருந்து பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஏறினால் மாறாமலே சவுத் கென்சிங்டனில் இறங்கலாம், அங்கே மூன்று பெரிய மியூசியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மைல் எண்டில் மாற வேண்டும். எதிர்த்த பக்கத்திலேயே அடுத்த ரயில் வந்து நிற்கும், படி ஏற வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட விவரங்கள்தான் முக்கியம்.

ஓவியம் எனக்குப் பழக்கமில்லாத துறை. அதனால் நேஷனல் கேலரிக்குப் போகத் தயங்கினேன். அந்தக் கட்டடம் டிரஃபால்கர் சதுக்கத்தில் அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேற்கே இருந்த பணக்காரர்கள் வண்டியிலும் கிழக்கே இருந்த ஏழைகள் நடந்தும் வந்துசேரக்கூடிய நடு இடம் அது என்று கருதினார்கள். 1838 முதல் அங்கே இருக்கிறது. கிழக்கிலிருந்து வருகிறவள் நான், எனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே நான் பார்த்தது ஒரே ஒரு படம். யான் வான் ஐக் 1434இல் வரைந்தது. ஒரு கணவனும் மனைவியும் கைகோத்து நிற்கிறார்கள். காலடியில் ஒரு நாய்க்குட்டி. மேலே தொங்கும் விளக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. பின்சுவரில் உள்ளங்கையளவு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் அந்த இருவரின் முதுகும், வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். கண்ணாடிக்கு மேலே ஓவியர் தன் பெயரை எழுதி, 'இங்கே இருந்தேன்' என்ற பொருளில் லத்தீனில் குறித்திருக்கிறார். நம் கோயில் சுவர்களில் பெயர் கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதே ஆசைதான், ஆனால் இவர் தன் பெயரை எழுதுவதற்கான சுவரைத் தானே வரைந்துகொண்டார். படத்துக்கு எதிரே அரை மணி நேரம் இருந்தேன். முதல் ஐந்து நிமிடத்தில் அலுப்பு வந்தது உண்மை. அதைத் தாண்டிய பிறகுதான் கண்ணாடி கண்ணில் பட்டது. ஜன்னல் ஓரத்தில் ஆரஞ்சுப் பழங்கள் இருப்பது இருபது நிமிடம் கழித்துத் தெரிந்தது.

நான் செய்வதை இந்த ஊர் முன்பே ஒரு காலத்தில் செய்திருக்கிறது என்று அதன் பிறகு படித்தேன். இரண்டாம் உலகப் போரில் நேஷனல் கேலரி தன் படங்களையெல்லாம் வெளியூருக்கு அனுப்பியது. கடைசியில் அவை வேல்ஸில் மேனாட் என்ற இடத்தில் ஒரு பலகைக்கல் சுரங்கத்துக்குள் இருந்தன. வெறும் சுவரோடு கட்டடம் நின்றது. குண்டு விழுகிற ஊரில் பார்க்க ஒரு படமாவது வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். 1942 முதல் மாதம் ஒரு படத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த படம் ஒன்றில் தொடங்கினார்கள். பகலில் சுவரில் இருக்கும், இரவில் பாதுகாப்பான அறைக்குப் போய்விடும். அந்த ஒரு படத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் வந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூலகம் முழுவதும் காலியாகி ஒரே ஒரு புத்தகம் இருந்தால் அதை எப்படி வாசிப்போம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக வேண்டாம். ஓவியங்கள்மீது சூப் வீசிய சம்பவங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபர் முதல் குழந்தைகளுக்கான பால், மருந்து தவிர எந்தத் திரவத்தையும் உள்ளே அனுமதிப்பதில்லை. நீரிழிவுக்காரர்கள் மருந்தைத் தனியாக எடுத்துக் காட்டத் தயாராக இருங்கள். மற்ற இடங்களில் பாட்டில் கொண்டுபோகலாம், நிரப்பிக்கொள்ளக் குழாயும் இருக்கும். உணவகங்கள் எல்லா இடத்திலும் விலை அதிகம். நான் டப்பாவில் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ எடுத்துப் போனேன். இயற்கை வரலாற்று மியூசியத்திலும் அறிவியல் மியூசியத்திலும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கழிப்பறை எல்லா மியூசியத்திலும் இலவசம், சுத்தம். எந்தக் கூடத்துக்குப் போனாலும் பெஞ்சு எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்வேன். பார்க்க வேண்டிய பொருளுக்கு எதிரே பெஞ்சு இல்லாவிட்டால் மடக்கு ஸ்டூல் கிடைக்குமா என்று ஊழியரிடம் கேளுங்கள், சில மியூசியங்களில் தருகிறார்கள். கேட்க வெட்கப்பட்டு நான் இரண்டு வாரம் வீணாக்கினேன்.

வழிகாட்டிச் சுற்றுலாக்களும் இலவசமாக உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் தன்னார்வலர்கள் தினமும் வெவ்வேறு கூடங்களில் அரை மணி, நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். ஆங்கிலம் வேகமாக இருக்குமே என்று பயந்தேன். வயதானவர்கள்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள், நிதானமாகவே சொல்கிறார்கள், நின்று கேள்வி கேட்டால் மகிழ்ந்து பதில் சொல்கிறார்கள்.

ஜூலைக் கடைசியில் பேத்திக்கு விடுமுறை தொடங்கியது. எட்டு வயது. அன்றிலிருந்து பொருளை அவள் தேர்ந்தெடுப்பாள், நான் கூடப் போவேன் என்று ஒப்பந்தம். முதலில் திமிங்கலம். இயற்கை வரலாற்று மியூசியத்தின் நடுக்கூடத்தில் 2017 முதல் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. 25.2 மீட்டர். 1891இல் அயர்லாந்தில் கரையொதுங்கியது. பள்ளி விடுமுறையில் அந்த மியூசியத்தின் வரிசை தெருவைச் சுற்றும். திறக்கும் பத்து மணிக்கே முன்பதிவு எடுத்திருந்ததால் கூட்டம் சேர்வதற்கு முன் உள்ளே போய்விட்டோம். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து விலா எலும்புகளை எண்ணி வரைந்தாள். பென்சிலும் சிறு நோட்டும் எப்போதும் அவள் பையில் இருக்கும், பென்சிலுக்கு எங்கும் தடை சொல்லவில்லை. குழந்தையை நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிடம் நிற்பாள். வரையச் சொன்னால் அரை மணி நேரம் அசையமாட்டாள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது திப்புவின் புலி. நாங்கள் போனபோது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் தெற்காசியக் கூடத்தில் இருந்தது. மரத்தில் செய்த புலி, கிட்டத்தட்ட நிஜ அளவு, கீழே ஒரு வெள்ளைக்காரனைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்குள் ஆர்கன் வாத்தியம், பக்கத்தில் கைப்பிடி. சுற்றினால் புலி உறுமும், மனிதன் முனகுவான், அவன் கை மேலும் கீழும் அசையும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு கொள்ளையில் போனது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் வைத்தபோது வருகிறவர்கள் எல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, பக்கத்தில் படிக்கிறவர்கள் தொல்லை தாங்காமல் புகார் சொன்னார்களாம். இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. "பாட்டி, அந்த ராஜா ஏன் இப்படிச் செய்தார்?" என்று பேத்தி கேட்டாள். பிரிட்டிஷ் பள்ளியில் படிக்கிற குழந்தைக்கு அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கர்நாடகப் போர்க்களங்களிலிருந்து தொடங்கி மதராஸ் கோட்டை வரை சொன்னேன். ரயிலில் வீட்டுக்குத் திரும்பும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த மியூசியத்தின் நடுமுற்றத்தில் ஆழமில்லாத ஒரு நீர்த்தொட்டி உண்டு. வெயில் நாட்களில் குழந்தைகள் இறங்கி விளையாடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. மாற்றுத் துணியும் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். எங்களுக்கு அது மியூசியத்துக்குப் போவதற்கான கூலியாகவே ஆகிவிட்டது. பத்து நிமிடம் புலி, ஒரு மணி நேரம் தண்ணீர் என்று போன நாளும் உண்டு. டிக்கெட் வாங்கிய இடமாக இருந்தால் என் மனம் அதை ஒப்புக்கொண்டிருக்காது.

சின்ன இடங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து வங்கியின் மியூசியத்தில் 13 கிலோ தங்கக் கட்டியை ஒரு துளை வழியாகக் கையை விட்டுத் தூக்கிப் பார்க்கலாம். வாரநாட்களில் மட்டும் திறந்திருக்கும். பேத்தியால் அசைக்க முடியவில்லை, எனக்குக் கொஞ்சம் அசைந்தது. சர் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரின் வீடு இன்னொன்று. தன் வீட்டை இருந்தபடியே மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று 1833இல் தனியாக ஒரு சட்டமே இயற்ற வைத்தவர். நிலவறையில் எகிப்திய மன்னன் முதலாம் சேட்டியின் கல்சவப்பெட்டி இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாம் என்றதை 2,000 பவுண்டுக்கு இவர் வாங்கினார். குறுகலான வீடு, சிலர் சிலராகவே உள்ளே விடுவார்கள். திங்கள், செவ்வாய் விடுமுறை.

எல்லாமே இலவசம் என்று நம்பிப் போய்விடவும் கூடாது. இலவச மியூசியங்களிலும் சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனி டிக்கெட், அதுவும் விலை அதிகம். கிரீனிச்சில் தேசியக் கடல்சார் மியூசியம் இலவசம், மேட்டில் இருக்கும் வான் ஆய்வகத்துக்குக் கட்டணம். லண்டன் கோட்டை, சர்ச்சில் போர் அறைகள், போக்குவரத்து மியூசியம் மூன்றுக்கும் கட்டணம் உண்டு. மாப்பிள்ளை அவற்றில் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னார். எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் என்னை மிகவும் நெகிழ வைத்தது, நான் போவதற்குச் சற்று முன் 2025 மே 31 அன்று திறந்த ஓர் இடம். ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அருகே ஒலிம்பிக் பூங்காவில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் பண்டகசாலை. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கையே மக்கள் நடந்து பார்க்கும்படி திறந்துவிட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிது, பட்டியலில் தேடி ஐந்து பொருட்கள் வரை நீங்களே கேட்கலாம். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். இதற்கும் கட்டணமில்லை, நீங்கள் யார், என்ன ஆராய்ச்சி என்ற கேள்வியும் இல்லை. முப்பது ஆண்டுகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சீட்டை வாங்கிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவள் நான். இங்கே நான் சீட்டைக் கொடுக்கிற பக்கம். மதராஸ் மாகாணத்தில் நெய்ததாகக் குறித்திருந்த ஒரு பழைய கைத்தறித் துணியைக் கேட்டேன்.

குறித்த நாளில் ஓர் இளம்பெண் அதை மேஜையில் விரித்து வைத்து, எப்படித் தொடலாம் என்று சொல்லிக் கொடுத்தாள். கட்டம் போட்ட துணி, சிவப்பு இன்னும் மங்கவில்லை. ஓரத்தில் இழை அறுந்து, நெய்தவர் முடி போட்டுச் சேர்த்த இடம் ஒன்று தெரிந்தது. என் மாமனாரின் தகப்பனார் தறிக்காரர். இழை அறுந்தால் எச்சில் தொட்டு முடிவார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், சுற்றுலாக் கூட்டம் கலைந்து அறைகள் அமைதியாகிவிடும். மகளும் வேலையிலிருந்து நேராக வந்துவிட்டாள். மூன்று பேருமாகப் பின்வாசல் வழியாகப் போய் அமராவதிப் பலகையின் முன்னால் நின்றோம். எனக்கு அது ஆறாவது முறை. பேத்தி காலி ஆசனத்தை வரைந்தாள், பிறகு சுற்றிப் போய்ப் புத்தரை வரைந்தாள், நோட்டின் ஒரே தாளில் முன்பக்கம் அது, பின்பக்கம் இது. போகும்போது உண்டியலில் பத்து பவுண்டு போட்டேன்.

"இந்தக் கல்லின் மற்ற கற்கள் உங்கள் ஊரில் இருக்கின்றனவா பாட்டி?" என்று ரயிலில் கேட்டாள். இருக்கின்றன என்றேன். டிசம்பர் விடுமுறைக்கு அவர்கள் சென்னை வருகிறார்கள். கடற்கரை, கடைத்தெரு, உறவினர் வீடு என்று மகள் ஒரு நீண்ட பட்டியல் அனுப்பியிருக்கிறாள். அதற்கு மேலே நான் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: முதல் நாள், எழும்பூர், அமராவதி அறை மட்டும்.